விரைவுச் சதுரங்கமும் நம் பெண்மக்களும்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. பல்லாண்டுகளாக இவற்றை வகுப்பில் பயிற்றி வருகிறோம். பகலில் காக்கை கூகையை வெல்வதையும், பின்வாங்கும் ஆட்டுக்கடா பாய்வதற்கே பின்வாங்குகிறது என்பதையும், வாய்ப்பு வரும்வரை கொக்கு கூம்பி நிற்பதையும் உரையாசிரியர்கள் வழிநின்று அரசர்க்கும் படைக்கும் பொருத்திக் காட்டுவதே எம் வழக்கம். சென்ற பருவத்தில் காலமறிதலை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, "சார், இது செஸ்ஸுக்கும் பொருந்தும்தானே?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. யாம் சிரிக்கவில்லை, வினாவில் இருந்த நியாயம் எம்மை நிறுத்தியது.

அம்மாணவி யாம் பிறந்த விளாத்திகுளத்தை அடுத்த ஒரு கரிசல் சிற்றூரைச் சேர்ந்தவர். வகுப்பு முடிந்தபின் விசாரித்தோம். கைப்பேசியில் முன்பின் அறியாத நாட்டாருடன் ஐந்து நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஆட்டம் என ஆடுவாராம். கைப்பேசி அவருடையது அன்று, தமையனுடையது. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் அது அவர் கைக்கு வரும். "நல்லா ஆடுவாயா?" என்று கேட்டோம். "பாதி ஆட்டம் தோத்திருக்கேன் சார். ஆனா ஆட்டத்துல தோக்கல. நடுவுல அண்ணன் போனைக் கேட்டுருவான்" என்றார்.

இவ்விடை பல நாள் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. காய்கள் பலகைமீது நிற்கின்றன. நிலை வலுவாக இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. ஆடுபவர் கையில் கருவி இல்லை. நேரம் தீர்ந்ததும் தோல்வி என்று பதிவாகிறது. இது விளையாட்டுச் செய்தி மட்டும்தானா? நம் பெண்மக்களின் கல்வி, திறன், வாய்ப்பு ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும் அன்றோ? இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்தது.

விரைவு வேறு, அவசரம் வேறு

விரைவுச் சதுரங்கத்தைப் பற்றிப் பெரியோர் பலர்க்கு ஓர் இளக்காரம் உண்டு. "மணிக்கணக்கில் சிந்தித்து ஆடுவதே சதுரங்கம், மூன்று நிமிடத்தில் முடிவது கைவேகம்" என்பர். ஓரளவு உண்மை கலந்த கூற்று இது. ஆயினும் முழு உண்மை அன்று.

எம் தாயைப் பெற்ற பாட்டியார் எழுத்தறியாதவர். பல்லாங்குழி ஆட அமர்ந்தால் அவரை வெல்ல எவராலும் இயலாது. பதினான்கு குழிகளிலும் கிடக்கும் புளியமுத்துகளை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு பார்வை, கை தானே உரிய குழிக்குச் செல்லும். சிறுவராகிய யாம் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அது கைவேகமா? நாற்பது ஆண்டுகள் திண்ணையில் ஆடி ஆடிச் சேர்த்த அறிவு கண்ணில் வந்து குடியேறிய நிலை அது.

உளவியலாரும் இதையே கண்டறிந்தனர். டச்சு அறிஞர் டி குரூட் தொடங்கிய ஆய்வை அமெரிக்காவில் சேஸ், சைமன் ஆகிய இருவரும் 1973-இல் விரித்தனர். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுநிலையைச் சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். புதியவர் சிலவற்றையே அடுக்குகிறார். அதே காய்களை எவ்விதப் பொருளுமின்றிக் கலைத்து வைத்துக் காட்டினாலோ, தேர்ந்தவரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அவருக்கு வாய்த்தது பொதுவான நினைவாற்றல் அன்று. பொருளுடைய அமைப்புகளை ஒரே பார்வையில் அறியும் பயிற்சி என்பது இதனால் விளங்கும். நாம் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, சொல்லாகவே காண்கிறோம். அதுபோன்றதே இதுவும்.

கரிசல் மண்ணில் பிறந்தவர்க்கு இதனை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. வானம் பார்த்த நம் கரிசல் நனைந்தால் ஏர் இறங்காது, சேறாய் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும். இரண்டிற்கும் இடையே பதம் என்று ஒன்று உண்டு. அது சில நாட்களே நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் முதல் ஈரத்தில், அச்சில நாட்களுக்குள் பருத்தியா, கம்பா, உளுந்தா, மல்லியா என்று முடிவுசெய்து விதைத்தாக வேண்டும். மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்த மாத்திரத்தில் சம்சாரி முடிவெடுக்கிறார். அம்முடிவுக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அதற்குப் பின்னால் நிற்பது முப்பது மழைக்காலங்களின் அறிவு. விரைவு என்பது முதிர்ந்த அறிவின் நடை. அவசரம் என்பது அறிவு இல்லாதவனின் ஓட்டம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

இரு பெண்கள், ஓர் ஆட்டம்

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகை முடக்கியபோது, அவ்வாண்டு நிகழவிருந்த சதுரங்க ஒலிம்பியாட் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு மாற்றாக உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இணையவழி ஒலிம்பியாடை நடத்தியது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வோர் அணியும் ஆறு பலகைகளில் ஆடியது: ஆடவர் இருவர், மகளிர் இருவர், இளையோரில் ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஆக, ஓர் அணியின் வலிமையில் சரிபாதி பெண்களின் கையில் இருந்தது. ஒவ்வொருவர்க்கும் 15 நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 5 விநாடி கூடுதல்.

ஆகஸ்டு 29 அன்று அரையிறுதியில் இந்தியாவும் போலந்தும் மோதின. முதற்சுற்றை இந்தியா 2–4 என இழந்தது. இரண்டாம் சுற்றை 4.5–1.5 என வென்றது. சமநிலையை முடிவுசெய்ய ஒரே ஓர் ஆட்டம் ஆடப்பெற்றது. அதனை ஆடியவர்கள் இரு பெண்கள். இந்தியாவுக்காக ஆந்திர நாட்டின் கொனேரு ஹம்பி. போலந்துக்காக மோனிகா சோக்கோ. விசுவநாதன் ஆனந்த் உள்ளிட்ட ஆடவர் பலர் இருந்த அணியின் விதி ஒரு பெண்ணின் கையில் வைக்கப்பட்டது என்பதை நம் பெரியோர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இத்தகைய முடிவாட்டத்தை 'ஆர்மகெடான்' என்பர். அதன் விதி விந்தையானது. வெள்ளைக் காய்களுக்குக் கூடுதல் நேரம் தரப்படும். கறுப்புக் காய்களுக்குக் குறைந்த நேரம். வழக்கமாக வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4 நிமிடம். ஆனால் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கறுப்பே வென்றதாகக் கொள்ளப்படும். ஒருவர்க்கு நேரம் குறைத்தால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தந்தாக வேண்டும் என்னும் நீதி இவ்விதிக்குள் பொதிந்திருக்கிறது. இந்நீதியை வாசகர் மனத்தில் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

அன்று மோதிய இருவருமே இவ்வகை ஆட்டத்தின் கடுமையை முன்பே பட்டறிந்தவர்கள். 2008-இல் நால்சிக் நகரில் நடந்த மகளிர் உலக வாகையர் போட்டியில் சோக்கோ ருமேனியாவின் சபீனா பிரான்செசுகா போய்சோருடன் இத்தகைய முடிவாட்டம் ஆடினார். வெள்ளை ஆடிய சோக்கோவுக்கு வெற்றி கட்டாயம். இறுதியில் இருபுறமும் அரசனும் ஒரு குதிரையும் மட்டுமே எஞ்சின. அந்நிலையில் போய்சோரின் நேரம் தீர்ந்தது. நடுவர் சமநிலை என்று அறிவித்தார். அவ்வாறாயின் சோக்கோ வெளியேற வேண்டும். சோக்கோ முறையிட்டார். விதிப்படி, எத்தகைய நகர்வுகளாலும் எதிரியை முற்றுகை மாட்டுதல் இயலாது என்றால்தான் நேரம் தீர்ந்த ஆட்டம் சமநிலையாகும். எதிரியின் குதிரையே அவருடைய அரசனுக்கு வழியை அடைத்து நிற்குமாயின், ஒற்றைக் குதிரையாலும் முற்றுகை மாட்டுதல் கொள்கையளவில் இயலும். முறையீடு ஏற்கப்பட்டது; சோக்கோ அடுத்த சுற்றுக்குச் சென்றார். விதியை முழுதும் கற்றவர்க்கு அது துணைநின்றது.

ஹம்பியோ 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த உலக விரைவுச் சதுரங்கப் போட்டியில், சீனத்தின் லெய் டிங்ஜியுடன் சமநிலை முறிப்பு ஆட்டங்கள் ஆடினார். முதலாட்டத்தில் தோற்றார், இரண்டாம் ஆட்டத்தில் வென்றார், மூன்றாவதாகிய முடிவாட்டத்தில் கறுப்புக் காய்களுடன் சமநிலை கண்டு உலக வாகை சூடினார். குழந்தைப் பேற்றுக்காக ஈராண்டு ஆட்டத்தை நிறுத்தித் திரும்பிய தாய் அவர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

இத்தகைய இருவர் 2020-இல் வெவ்வேறு நாடுகளில், ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் காணாது, திரைமுன் அமர்ந்து ஆடிய ஆட்டத்தில் ஹம்பி வென்றார். இந்தியா இறுதிப் போட்டிக்குச் சென்றது.

இத்தகைய ஆட்டத்தை எவ்வாறு பயிலுதல் வேண்டும்? வள்ளுவரின் மூன்று அதிகாரங்களையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. முதலாவது வலியறிதல். தொடக்க நகர்வுகள் பத்துப் பதினைந்தும் நினைவிலிருந்து வருவன. அவற்றில் சிந்திப்பதற்கு நேரம் செலவிடுபவர் பின்னர் வறியவராவார். ஆதலின் தமக்குப் பழகிய அமைப்பைத் தேர்ந்து, எதிரிக்குப் பழகாத அமைப்புக்கு இழுத்துச் செல்வதே வலியறிந்த செயல். இரண்டாவது காலமறிதல். விரைவாட்டத்தில் கடிகாரமும் ஒரு காயே. ஒரு சிப்பாயை இழந்து ஒரு நிமிடத்தைப் பெறுதல் சிலபோது நல்ல வாணிகம். மிகச் சிறந்த நகர்வைத் தேடி இரண்டு நிமிடம் கழிப்பவரைவிட, தீங்கில்லாத நகர்வை ஐந்து விநாடியில் ஆடி எதிரிக்கு ஒரு சிக்கலை வைப்பவரே கரையேறுவார். மூன்றாவது இடனறிதல். பலகையின் எப்பகுதியில் போரிட்டால் எதிரி மிகுதியாகச் சிந்திக்க நேரும் என்று அறிந்து அங்கே போரை நடத்துவது அது. கூடம் வேறு, திரை வேறு என்பதும் இடனறிதலில் அடங்கும். திரையில் எதிரியின் முகக்குறிப்பு இல்லை. கடிகாரத்தைத் தட்டும் ஒலி இல்லை. சுட்டியின் சிறு வழுக்கலும் ஓர் அரசியைப் பறித்துவிடும்.

அதே 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நம் சென்னையைச் சேர்ந்த 19 வயது ஆர். வைசாலி இணையவழி மகளிர் மின்னல்வேகப் போட்டியில் பல்கேரியாவின் அந்துவானெத்தா ஸ்டெபனோவாவை 6–5 என வென்றார். ஸ்டெபனோவா 2004-இல் உலக வாகை சூடியவர். ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என மேன்மேலும் குறுகும் ஆட்டங்களின் தொடர் அது. ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் முன்னாள் உலக வாகையரை வென்ற அவர், 2023-இல் முழுமையான கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்ற மூன்றாம் இந்தியப் பெண்ணானார். அவருக்கு முன் அத்தகுதி பெற்றவர்கள் ஹம்பியும் ஹரிகாவும். 2023-இலும் 2025-இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்றவரும் வைசாலியே. மின்னலாட்டம் ஆடுபவர்க்கு நீண்ட ஆட்டம் கெட்டுவிடும் என்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க.

இணைப்பு அறுந்தபோது

இணையவழி ஒலிம்பியாடின் இறுதிப் போட்டி ஆகஸ்டு 30 அன்று இந்தியாவுக்கும் உருசியாவுக்கும் இடையே நடந்தது. முதற்சுற்று 3–3. இரண்டாம் சுற்றின் நடுவே உலகளாவிய இணையக் கோளாறு ஒன்று நேர்ந்தது. இந்திய அணியின் இளையோர் இருவரும், நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும், இணைப்பை இழந்தனர். கடிகாரம் ஓடியது, நேரம் தீர்ந்தது, தோல்வி என்று பதிவாயிற்று. இந்தியா முறையிட்டது. கூட்டமைப்பின் தலைவர் ஆய்ந்து, இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் என்று அறிவித்தார். அன்று திவ்யாவின் வயது 14.

எம் மாணவியின் விடையை நினைவுகூர்க. "ஆட்டத்துல தோக்கல" என்றாரே, அதே சொல்லை அன்று திவ்யாவும் சொல்லியிருக்கலாம். வேறுபாடு ஒன்றே. திவ்யாவின் இணைப்பு அறுந்தபோது முறையீட்டைக் கேட்க ஒரு கூட்டமைப்பு இருந்தது. விளாத்திகுளத்துச் சிற்றூர்ப் பெண்ணின் இணைப்பு அறும்போது முறையீட்டைக் கேட்பார் யார்?

நீதி கிடைத்த அச்சிறுமி என்னவானார்? 2025 ஜூலையில் சார்சியா நாட்டின் பத்தூமி நகரில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் இறுதியில் திவ்யாவும் ஹம்பியும் எதிரெதிரே அமர்ந்தனர். ஒருவருக்கு 19 வயது, மற்றவர்க்கு 38. நீண்ட ஆட்டங்கள் இரண்டும் சமநிலை. ஜூலை 28 அன்று நடந்த விரைவாட்டங்களில் முதலாவதும் சமநிலை. இரண்டாவதில் கறுப்புக் காய்களுடன் ஆடிய திவ்யா வென்று கோப்பையைக் கைக்கொண்டார். அவ்வெற்றியாலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டமும் எய்தினார். அரையிறுதியில் நாட்டைக் காத்த மூத்தவரும், இணைப்பு அறுந்து தவித்த இளையவரும் ஐந்தாண்டுக்குள் உலக அரங்கில் எதிரெதிரே நின்ற காட்சி அது. ஒரு பெண்ணுக்கு ஒருமுறை நியாயம் வழங்கினால் அது எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அமைச்சர் அரசியான வரலாறு

"இது நமக்குப் புதிது" என்போர்க்கு ஒரு வரலாறு. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று, அரபியரிடம் 'சத்ரஞ்ச்' என்று பெயர் பெற்று, அவர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டின் அல்-அத்லியும் பத்தாம் நூற்றாண்டின் அஸ்-சூலியும் இவ்வாட்டத்தைப் பற்றி நூல்கள் இயற்றினர். அஸ்-சூலி விட்டுச்சென்ற ஓர் இறுதிநிலைப் புதிருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே உருசிய அறிஞர் அவெர்பாக் விடை கண்டார். அவர்கள் ஆடிய பலகையில் அரசி இல்லை. அரசன் அருகில் நின்றது 'பிர்சான்' என்னும் அமைச்சர். மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய். ஐரோப்பாவில் அக்காய் அரசியாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எல்லாத் திசையிலும் தடையின்றிச் செல்லும் உரிமையும் பெற்றது. ஆட்டம் முழுதும் விரைவு பெற்றது அம்மாற்றத்தாலேயே. ஒரு காய்க்கு வழி திறந்தபோது பலகை முழுதும் உயிர் பெற்றது என்பது எண்ணத்தக்கது.

நம் தமிழகத்திலும் மன்னார்குடியை அடுத்த திருப்பூவனூர்த் தலபுராணம், சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாத அரசிளங்குமரி ஒருத்தியைப் பற்றிக் கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டில் முஸ்லிம் பெண்மணி ஒருவர் செய்த அருஞ்செயலும் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த சர் உமர் ஹயாத் கானின் இல்லத்தில் பணிபுரிந்த மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வாகை சூடியதைப் பலர் அறிவர். அதே இல்லத்தில் பணிபுரிந்த பாத்திமா என்னும் இளம்பெண் 1933-இல் பிரித்தானிய மகளிர் வாகையைப் பத்து வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை என்னும் கணக்கில் வென்றதை அறிந்தோர் சிலரே. ஒரு பணிப்பெண்ணுக்குப் பலகையும் நேரமும் கிடைத்தபோது நிகழ்ந்தது அது.

சதுரங்கம் ஆகுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே தொன்றுதொட்டுக் கருத்து வேறுபாடு உண்டு. அதனை யாம் மறைக்க விரும்பவில்லை. கூடாது என்றோரும் உளர். வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தியோரும் உளர். இடமளித்தோர் பந்தயம் கூடாது, தொழுகை தவறக் கூடாது, தீச்சொல் கூடாது என்று எல்லை வகுத்தனர். எம் கருத்து அவ்வெல்லைக்குள் நின்று கூறப்படுவது. ஆட்டம் வேறு, சூது வேறு. வள்ளுவரும் சூதுக்குத் தனி அதிகாரம் வகுத்துக் கண்டித்தார். எல்லைகளைப் பேணுக என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆணுக்கு எல்லை, பெண்ணுக்குத் தடை என்பது எவ்வகை நியாயம்?

மறுப்போர்க்கு விடை

மறுப்புகளில் வலுவுடையனவும் உண்டு. கைப்பேசி ஒரு புதைகுழி என்பர். உண்மை, அரைமணி என்று தொடங்கியது நள்ளிரவு வரை செல்வதை எம் இல்லத்திலேயே கண்டிருக்கிறோம். விரைவாட்டம் மட்டுமே ஆடினால் பிழைகள் பழக்கமாகிவிடும் என்பர். அதுவும் உண்மை, மெல்ல ஆடி, ஆடியதை மறுநாள் அமர்ந்து ஆராயாதவர்க்கு விரைவு வெறும் விறுவிறுப்பாகவே நின்றுவிடும். கணினியின் துணையை மறைவாகப் பெற்று ஏமாற்றுவோர் உளர் என்பர். இதுவும் மெய்யே, அதனாற்றான் பெரும்போட்டிகளில் ஆடுவோரை ஒளிப்படக் கருவியால் கண்காணிக்கின்றனர்.

இம்மூன்றும் எதை மெய்ப்பிக்கின்றன? வழிகாட்டுதல் வேண்டும் என்பதை. தடை வேண்டும் என்பதை அன்று. தமையன் கையிலும் அதே கைப்பேசிதான் இருக்கிறது. அவன் நள்ளிரவு வரை பார்ப்பதை 'பொழுதுபோக்கு' என்றும், தங்கை அரைமணி ஆடுவதை 'கெட்ட பழக்கம்' என்றும் கூறுவது அளவுகோலை மாற்றி அளப்பதாகும்.

முன்னர்க் கூறிய முடிவாட்ட விதிக்கு இப்போது மீள்வோம். நேரம் குறைந்தவர்க்குச் சமநிலையே வெற்றி என்று சதுரங்கம் ஈடு செய்கிறது. நம் பெண்மக்களுக்கோ நேரம் குறைவு, ஈடு ஏதுமில்லை. விடியலில் தண்ணீர்க் குடம், காலையில் பேருந்து, மாலையில் அடுப்படி, பருவத்தில் மிளகாய்ப் பழம் பறித்தலும் பருத்தி எடுத்தலும். எஞ்சிய அரைமணியும் பிறர் கருவியில் இரவல். இவ்வளவுக்கும் பின்னர், தேர்வில் ஆடவரோடு சமமாக வந்தால் போதாது, மிஞ்சினாலன்றி மேற்படிப்பு இல்லை என்கிறோம். கறுப்புக் காயைக் கொடுத்து, நேரத்தையும் குறைத்து, வெற்றி ஒன்றே கணக்கு என்பது எந்த ஆட்டத்தின் விதி?

நாம் செய்யத்தக்கது

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை ஒன்றைச் சின்னமாக வைத்துத் 'தம்பி' என்று பெயரிட்டனர். விளாத்திகுளத்துக் கடைத்தெருவிலும் சதுரங்கப் பேச்சு எழுந்தது. அப்போட்டியில் இந்திய மகளிர் முதலணி வெண்கலம் பெற்றது. 2024-இல் புடாபெசுட்டில் நம் ஆடவரும் மகளிரும் ஒருங்கே தங்கம் வென்றனர். தம்பியைக் கொண்டாடிய நாம் தங்கையையும் எண்ணுதல் வேண்டும்.

வைசாலியின் இல்லத்து வரலாறு ஈண்டுப் பாடமாகும். மகள் தொலைக்காட்சி மிகுதியாகப் பார்க்கிறாள் என்று கருதிய பெற்றோர் அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். தமக்கையின் பலகையைப் பார்த்தே தம்பி பிரக்ஞானந்தா ஆட்டம் கற்றார். உலகின் முதல் கிராண்ட்மாஸ்டர் அக்காள்–தம்பி இணை என்னும் பெருமை பெற்றவர்கள் அவர்கள். நம் இல்லங்களில் தமையனின் கைப்பேசியைத் தங்கை இரவல் கேட்கிறாள். அவ்வில்லத்தில் தமக்கையின் பலகையால் தம்பி உயர்ந்தான். பெண்ணுக்குக் கொடுத்தது ஆணுக்குக் குறைவாகாது என்பதற்கு இது போதும்.

ஆதலின் நிருவாகத்தாரையும் ஜமாஅத்துப் பெரியோரையும் ஆசிரியப் பெருமக்களையும் யாம் வேண்டுவது பெரிதன்று. நம் கல்லூரியில் மாணவியர்க்கென ஓர் அறை, நான்கு பலகை, இரண்டு கடிகாரம், நூலகக் கணினி ஒன்றில் இணைய இணைப்பு, பொறுப்புக்கு ஓர் ஆசிரியை. நேரம் மாலையில் வேண்டா. பேருந்து தவறும் என்று வீட்டார் அஞ்சுவர். நண்பகல் இடைவேளையில், தொழுகை நேரம் ஒழித்து, நாளும் முக்கால் மணி போதும். வாரத்தில் மூன்று நாள் மெல்ல ஆடி ஆராய்தல். இரண்டு நாள் விரைவாட்டம். பந்தயம் கூடாது என்பது முதல் விதியாகச் சுவரில் எழுதப்படுக. இதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவினும் குறைவு.

இவ்வறையிலிருந்து கிராண்ட்மாஸ்டர் வருவார் என்று யாம் வாக்களிக்கவில்லை. வாராமலும் போகலாம். தமக்குரிய நேரத்தைத் தாமே செலவிட்டு, தம் பிழையைத் தாமே கண்டு, தம் முடிவைத் தாமே எடுக்கும் பெண்கள் ஐம்பதின்மர் வருவர் என்பது உறுதி. அவர்கள் நாளை ஆசிரியராகலாம், தாயாகலாம், வங்கி ஊழியராகலாம். குறித்த நேரத்துக்குள் நிலையறிந்து முடிவெடுக்கும் திறம் அவர்க்கு எங்கும் உதவும்.

அம்மாணவி இவ்வாண்டு இறுதியாண்டு பயில்கிறார். அண்மையில் நூலக வாயிலில் கண்டபோது, "இப்ப எப்படி ஆட்டம்?" என்று கேட்டோம். "அண்ணன் வெளியூர் வேலைக்குப் போயிட்டான் சார். போனையும் கொண்டு போயிட்டான்" என்று சிரித்தார். அச்சிரிப்புக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. தேர்வுக்கு இன்னும் சில திங்களே உள்ளன. மண்ணில் பதம் இருக்கும்போதே விதைத்தல் வேண்டும்.